அங்க அடையாளங்கள்

ஓய்வூதியக் கோப்புக்காக
என் பணிப் பதிவேட்டைத் திறந்த ஒப்பந்தப் பையன்
முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டான்.
"மேடம், இது நீங்களா?"
இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டான்.
சிரிக்கட்டும்.
முப்பத்தாறு வருஷமாய் நானே
அந்தப் பக்கத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துத்தான்
ஊதிய உயர்வு பதியக் கொடுத்திருக்கிறேன்.

பாஸ்போர்ட் சைஸ் படம்.
அதில் முகத்துக்கு ஒதுக்கியது கொஞ்சம்தான்,
மீதியெல்லாம் கை.
காதுக்குக் கீழே இரண்டு பக்கமும்
எண்ணெயிலிருந்து அப்போதுதான் எழும்பிய பூரி.
படத்துக்குள் அடங்கவில்லையென்று
ஸ்டுடியோக்காரர் மூன்று முறை பின்னால் போனார்.
நாலாம் முறை சுவர்.

எண்பத்தொன்பது. தருமபுரியில் அந்த வருஷம்
பஃப் கை வைக்காதவள் என்றால்
கன்னியாஸ்திரீ, இல்லையென்றால் நிறைமாதக்காரி.
ஷார்ட்ஹேண்ட் கிளாஸில் ஆறு பேர் உட்கார்ந்த பெஞ்சில்
நாலு பேர்தான் கொண்டது.
டவுன் பஸ்ஸில் ஷம்ஷாத்
பக்கவாட்டில்தான் ஏறுவாள்,
பீரோ ஏற்றுவதுபோல.

கெம்பம்மா வேறு ரகம். மேட்சிங்.
கிளிப்பச்சைத் தாவணி என்றால்
வளையல், ரிப்பன், பொட்டு, செருப்பு வார்,
ஒருநாள் பேனா மசியும்.
வியர்த்தால் கழுத்தும் அதே பச்சை.

பையன்களைச் சொல்லவே வேண்டாம்.
மாதேஷின் பேண்ட்டில் எட்டு மடிப்பு.
கல்லூரி இறக்கத்தில் எதிர்க்காற்றடித்தால்
சைக்கிளுக்கு பிரேக் தேவைப்படவில்லை.

"உள்ளே நெட் வைத்தால்தான் நிற்கும்மா,
பதினோரு ரூபாய் கூட ஆகும்"
என்றார் டெய்லர் துக்காராம் ராவ்.
என்னிடம் இருந்தது நாலு.
என்னையும் நாலு ரூபாயையும் மாறி மாறிப் பார்த்தார்.
முந்தின நாள் பேப்பரை மடித்து
கைக்குள் கொடுத்துத் தைத்தார்.
லைனிங் கிடையாது.
நின்றது, சும்மா சொல்லக்கூடாது.
கையை அசைத்தால் மட்டும்
தோளுக்குள் யாரோ பக்கம் புரட்டினார்கள்.

வேலை உத்தரவு வந்த வாரம்,
இந்தப் படம் எடுத்துவிட்டு
மூன்று பேரும் வெளியே வந்தோம்.
மழை.
ஏழு மாதமாய் வராதது
ஸ்டுடியோவுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில்
எங்களுக்காகவே காத்திருந்து வந்தது.
இரண்டு பூரியும் அமுங்கின.
கெம்பம்மாவிலிருந்து பச்சை ஓடியது.
எங்கள் ஊர் அந்த வருஷம்
பசுமையானது அவ்வளவுதான்.

ஷம்ஷாத் பல்லால் நூலைக் கடித்துப் பிரித்து
ஊறிய காகிதத்தை உருவினாள்.
இடது தோளுக்குக் கீழே
கறுப்பாய் ஒரு தலைப்புச் செய்தி,
இடம் வலமாய்.
நின்றிருந்த பென்னாகரம் பஸ்ஸின்
பக்கக் கண்ணாடிக்குக் கையைத் தூக்கிக் காட்டிப் படித்தோம்:
'புரி மாவட்டத்தில் கடும் வறட்'.
மூக்கிலிருந்து சொட்டச் சொட்டப் படித்தோம்.
டிரைவர் ஹாரன் அடித்தார்.
எங்களால் நகர முடியவில்லை,
அப்படி ஒரு சிரிப்பு.

சோப்புக்குப் போகவில்லை. மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை.
மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில்
உடற்தகுதிச் சான்று.
டாக்டரம்மா என் கையைப் பிடித்துத் திருப்பினார்,
தலையை ஒருபக்கமாய்ச் சாய்த்தார்,
மறுபக்கமாய்ச் சாய்த்தார்,
பிறகு எழுதினார்:
'இடது புஜத்தில் மச்சம் ஒன்று.'

பையன் இன்னும் படத்தைத்தான் பார்க்கிறான்.
அவன் புருவத்தில் ரேசரால் ஒரு வெட்டு.
தழும்பா ஃபேஷனா, நான் கேட்கவில்லை.
"நானேதான். சரிபார்த்துக்கோ" என்று
சேலைத் தலைப்பை விலக்கிக் கையை நீட்டினேன்.
மச்சம் இருக்கிறது.